மனச்சாட்சியின் பொடிக்கல்: எண்ணச் சுழற்சி நோயின் சிகிச்சை வரலாறும் நம் ஆத்தும விசாரணையும்

முன்னுரை

ஆராதனை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஆயரின் அறை வாசலில் தயங்கி நிற்கும் ஒருவரைச் சபை ஊழியத்திலுள்ள எவரும் கண்டிருப்பர். அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ?" நாம் மத்தேயு 12-ஆம் அதிகாரத்தை விளக்குகிறோம், ஜெபிக்கிறோம், அவர் ஆறுதலடைந்து செல்கிறார். அடுத்த ஞாயிறன்று அதே வாசலில், அதே கேள்வியுடன் மீண்டும் நிற்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு நகரச் சபையில் பணியாற்றிய காலத்தில் இத்தகைய இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். ஜெபிக்கும்போதெல்லாம் ஆண்டவரைப் பழிக்கும் சொற்கள் தம் மனத்தில் எழுவதாகக் கூறி அழுதார். வாரத்துக்கு ஒருமுறை வந்தவர் நாள்தோறும் வரலானார். பின்னர் இரவிலும் வந்து கதவைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் நாம் பொறுமையோடு தேற்றி ஜெபித்தனுப்பினோம். அதுவே மேய்ப்பனின் கடமை எனக் கருதினோம். அவர் உண்ணாமலும் உறங்காமலும் மெலிந்த பின்னரே மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அம்மருத்துவர் நம்மைத் தனியே அழைத்து, "ஐயா, மற்ற நோயாளிகள் கை கழுவுவதைப் போல இவர் உங்களிடம் வருகிறார். உங்கள் ஜெபம் இவருக்குச் சோப்பாகிவிட்டது" என்றார். அச்சொல் நம்மைத் தைத்தது. நாம் அன்போடு செய்த ஊழியமே நோய்க்கு உணவாயிற்று என்பதை ஏற்பது எளிதாயிருக்கவில்லை.

அந்த வேதனையிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. திரும்பத் திரும்பத் தேற்றுவது இந்நோயைத் தீர்ப்பதில்லை, வளர்க்கவே செய்கிறது. ஐயத்தைத் தீர்க்க முயலாமல் அதனோடே நடக்கப் பழகுவதுதான் குணமாக்குகிறது. இதனை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் சோதித்து நிறுவியது. ஆயினும், திருச்சபையின் பழைய ஆத்தும விசாரணையாளர் சிலர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். வேறு சிலர் நம்மைப் போலவே தவறினர். இவ்விரு சாராரின் வரலாறும் நமக்குப் பாடமாகும்.

1. நோயின் இயல்பு

மருத்துவர் இதனை ஓ.சி.டி. என்பர், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என வழங்குகிறோம். இதற்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, ஒருவர் விரும்பாமலே அவர் மனத்துள் மீண்டும் மீண்டும் நுழைந்து அச்சமூட்டும் எண்ணம். மற்றொன்று, அவ்வச்சத்தைத் தணிக்க அவர் செய்தே தீரவேண்டும் என உணரும் செயல். கை அழுக்கானதோ என்ற எண்ணம் வந்தால் கழுவுதல். கதவைப் பூட்டவில்லையோ என்று தோன்றினால் திரும்பிச் சென்று பார்த்தல். பாவம் செய்தோமோ என்று தோன்றினால் அறிக்கையிடுதல். செயல் முடிந்ததும் அச்சம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவே வலையாகிறது. செயலைச் செய்ததனால்தான் தப்பினோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. எனவே அடுத்த முறை அச்சம் இன்னும் விரைவாக வருகிறது.

இந்நோய் பாவத்தையும் பக்தியையும் பற்றிக்கொள்ளும்போது அதற்கு மேலைத் திருச்சபையில் ஒரு பழம்பெயர் இருந்தது. ஸ்குரூப்புலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறு கூர்ங்கல் என்பது பொருள். காலணிக்குள் அகப்பட்ட பொடிக்கல் வழிப்போக்கனை அடிதோறும் உறுத்துவது போல, அற்பக் காரியம் மனச்சாட்சியை உறுத்திக்கொண்டேயிருக்கும் நிலையை அச்சொல் குறித்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாரிஸ் நகர இறையியலாளர் ஜான் ஜெர்சோன் முதலானோர் இதனைத் தனித்ததொரு மேய்ப்புப் பணிச் சிக்கலாகவே கண்டு எழுதினர். மெய்யான மனச்சாட்சி வேறு, இவ்வுறுத்தல் வேறு என்ற பகுப்பு, மருத்துவம் இதற்குப் பெயரிடுமுன்னரே திருச்சபையில் பிறந்துவிட்டது.

2. லுத்தரும் ஸ்டௌபிட்ஸும்

மார்ட்டின் லுத்தர் 1505-ஆம் ஆண்டில் எர்ஃபர்ட் நகரிலுள்ள அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். மறந்துபோன பாவம் மன்னிக்கப்படாமற் போகுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. ஒருமுறை ஆறு மணிநேரம் பாவ அறிக்கை செய்ததாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அறிக்கையிட்டுத் திரும்பியதும் இன்னொன்று நினைவுக்கு வரும். உடனே மீண்டும் செல்வார்.

அவருடைய தலைவராயிருந்த ஜான் வான் ஸ்டௌபிட்ஸ் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, அற்பங்களைப் பட்டியலிட்டுக் கொண்டு வருவதை ஊக்குவிக்க மறுத்தார். மன்னிக்கப்படத்தக்க மெய்யான பாவம் இருந்தால் கொண்டுவா என்ற கருத்தில் கடிந்துகொண்டார். இரண்டாவது, தன்னையே நோக்கிக்கொண்டிருந்த அவருடைய கண்களைக் கிறிஸ்துவின் காயங்களின்பால் திருப்பினார். ஆறு மணிநேரம் செவிசாய்த்த பின்னும் ஏழாம் மணிக்கு இணங்காமல் நின்ற அந்த மறுப்பு அன்பற்றதன்று. அன்பின் உயர்ந்த வடிவமேயாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எரிக் எரிக்சன் 1958-ஆம் ஆண்டில் இளம் லுத்தரை உளவியல் நோக்கில் ஆராய்ந்து நூல் எழுதியது முதல், சீர்திருத்தம் முழுவதையும் ஒரு மனிதரின் மனநோயாகச் சுருக்கிவிடும் போக்கு சிலரிடம் காணப்படுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது மருத்துவமும் ஆகாது, வரலாறும் ஆகாது. ஒரு போதனை மெய்யா பொய்யா என்பதை, அதனைக் கண்டடைந்தவரின் மனநிலை தீர்மானிப்பதில்லை. அவர் பட்ட துன்பம் இந்நோயாளர் படும் துன்பத்தை ஒத்திருந்தது என்ற அளவோடு நாம் நிற்கிறோம்.

லுத்தர் தாமே பின்னர் ஆத்தும விசாரணையாளரானார். 1530-ஆம் ஆண்டில் கோபர்க் கோட்டையிலிருந்து, தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்த ஜெரோம் வெல்லருக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. மனச்சோர்வும் சோதனையும் வருத்தும்போது தனிமையை விட்டகல், நண்பரோடு பேசிச் சிரி, சற்று மிகுதியாகவே பருகு, பிசாசு அற்பக் காரியங்களில் உன் மனச்சாட்சியைக் கட்டாதபடி அவன் தடுப்பதை வேண்டுமென்றே செய் என்று அதில் ஆலோசனை கூறினார். இக்கடிதத்தைக் கண்டு முகஞ்சுளித்தோர் பலர். ஆனால் அச்சம் விதிக்கும் விதிக்குக் கீழ்ப்படியாதே என்ற அதன் உட்பொருள், 436 ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் மருத்துவமனையொன்றில் சிகிச்சையாக உருப்பெறவிருந்தது.

3. மன்ரேசாவில் இஞ்ஞாசியார்

லுத்தர் வார்ட்பர்க் கோட்டையைவிட்டு வெளிவந்த அதே 1522-ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டு மன்ரேசா என்னும் ஊரில் லொயோலாவின் இஞ்ஞாசியார் இதே உறுத்தலில் அகப்பட்டிருந்தார். மோன்செராட் மடத்தில் மூன்று நாள் எடுத்துத் தம் வாழ்நாட் பாவங்களையெல்லாம் எழுதி அறிக்கையிட்ட பின்னும், எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அகலவில்லை. நினைவிலுள்ள அனைத்தையும் எழுதுமாறு ஒரு குரு கூறினார், எழுதினார், பயனில்லை. நாளொன்றுக்கு ஏழு மணிநேரம் முழந்தாளில் நின்று ஜெபித்தார். தம் அறையிலிருந்த குழியொன்றில் விழுந்து உயிரைவிடவும் எண்ணினார். தற்கொலை பாவம் என்ற ஒன்றே அவரைத் தடுத்தது.

அவருடைய குரு, இனிப் பழைய பாவங்களை அறிக்கையிட வேண்டாம், மிகத் தெளிவானதொன்று இருந்தால் மட்டும் கூறலாம் எனக் கட்டளையிட்டார். நல்ல ஆலோசனையே. ஆனால் அவ்விதிவிலக்கு அதனைக் கெடுத்துவிட்டது. ஏனெனில் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தோன்றின! இந்நோயாளரோடு பழகிய எவரும் இவ்விடத்தில் புன்னகையோடு தலையசைப்பர். நாம் திறந்துவைக்கும் சிறு சாளரம் வழியாக ஐயம் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

ஒரு வாரம் உபவாசமிருந்து, குருவின் கட்டளைப்படி அதனை முடித்த பின் இரு நாள் அமைதியாயிருந்தார். மூன்றாம் நாள் பாவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரலாயின. அப்போது, கனவிலிருந்து விழித்தவர் போல, இனிப் பழைய பாவம் எதனையும் அறிக்கையிடுவதில்லை என்று தாமே முடிவு செய்தார். விடுதலை பெற்றார்.

பிற்காலத்தில், 1548-இல் அச்சான தம் ஆன்மீகப் பயிற்சி நூலின் இறுதியில் இதுபற்றிச் சில விதிகளை வகுத்தார். தரையில் கிடந்த வைக்கோல் சிலுவை வடிவாயிருக்க, அதனை அறியாமல் மிதித்தவர், பாவம் செய்தோமோ இல்லையோ என்று மாறிமாறிக் கலங்குவதை அங்கு எடுத்துக்காட்டினார். அச்சம் எத்திசையில் இழுக்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும் என்பதே அவர் கண்ட நெறி. ரோமச் சபையின் பல போதனைகளில் நாம் வேறுபடினும், இந்த அனுபவ ஞானத்தைப் பெற்றுக்கொள்ளத் தடையில்லை.

4. பனியனும் ஆங்கிலப் போதகரும்

பாவ அறிக்கை கேட்கும் குருவை நீக்கிய சபைகளில் இந்நோய் நீங்கிவிடவில்லை, வடிவம் மாறியது. அறிக்கைப் பேழை அகன்ற இடத்தில் தன் இருதயத்தைத் தானே சோதித்தல் வந்தமர்ந்தது. இதற்குத் தலைசிறந்த சான்று ஜான் பனியன். மோட்சப் பிரயாணம் என நம் சபைகளில் வழங்கும் அவருடைய நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். ஆகவே இவர் நமக்கு அந்நியரல்லர். ஆனால் பனியன் தம் சொந்த ஆத்தும சரித்திரத்தை 1666-இல் வெளியிட்டார். அதனை நம்மவர் அவ்வளவாகப் படிப்பதில்லை.

ஆலய மணியடிப்பதில் விருப்பமுள்ள பனியன் அது வீண் என்று எண்ணி விட்டுவிட்டார். ஆயினும் வேடிக்கை பார்க்கச் செல்வார். மணி விழுந்தால் என்ன செய்வது என்று தோன்றவே உத்திரத்தின் கீழ் நின்றார். சுவரில் மோதித் திரும்பி விழுந்தால்? வாசலுக்கு வந்தார். கோபுரமே விழுந்தால்? ஓடிவிட்டார். பின்னர் கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம், உண்ணும்போதும் விறகு வெட்டும்போதும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவரைத் தொடர்ந்தது. விற்கமாட்டேன் என்று பதிலுரைத்துக்கொண்டே, கைகளாலும் முழங்கைகளாலும் எதையோ தள்ளுவார். ஒரு நாள் களைத்துப்போய், அவர் போக விரும்பினால் போகட்டும் என்று மனத்துள் விட்டுக்கொடுத்ததாக உணர்ந்தார். அன்றுமுதல், பிறப்புரிமையை விற்ற ஏசாவைப் போலத் தாமும் தள்ளுண்டவர் எனக் கலங்கினார்.

அந்நாளில் அவர் முதிய விசுவாசி ஒருவரிடம் சென்று, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டதாக அஞ்சுகிறேன் என்றார். தாமும் அவ்வாறே எண்ணுவதாக அம்முதியவர் பதிலுரைத்தார்! ஆத்தும விசாரணையின் வரலாற்றில் இதைவிடக் கொடிய பதில் அரிது. ஓயாமல் தேற்றும் நம் தவறு ஒரு பக்கம். நோயின் குரலை ஆவியானவரின் குரலென நம்பி உறுதிப்படுத்தும் அம்முதியவரின் தவறு மறுபக்கம்.

பனியனுக்கு உதவியவற்றுள் ஒன்று, கிழிந்து நைந்த ஒரு பழம்புத்தகம்: கலாத்தியருக்கு லுத்தர் எழுதிய விரிவுரை. காயப்பட்ட மனச்சாட்சிக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி அதுவே சிறந்தது என அவர் மதித்தார். இறுதியாக ஒரு நாள் வயல்வழியே செல்கையில், தம்முடைய நீதி பரலோகத்தில் இருக்கிறது, அது கிறிஸ்துவே, தம் மனநிலை நன்றாயிருப்பதால் அது கூடுவதுமில்லை, கெட்டிருப்பதால் குறைவதுமில்லை என்ற வெளிச்சம் உண்டாயிற்று. கவனிக்க: அவர் தம் உள்ளத்தைச் சோதித்து நிச்சயம் பெறவில்லை, சோதிப்பதையே தேவையற்றதாக்கும் ஓர் இடத்தைக் கண்டடைந்தார்.

அக்காலப் போதகர் சிலரின் அறிவுரையும் வியக்கத்தக்கது. கிடர்மின்ஸ்டர் ஆயர் ரிச்சர்ட் பாக்ஸ்டர், மனச்சோர்வு நோய்க்கு விசுவாசத்தோடு மருத்துவமும் வேண்டும் என்று வற்புறுத்தினார். நார்விச் பேராயர் ஜான் மோர், 1690-களின் தொடக்கத்தில் மேரி அரசியின் முன் ஆற்றிய அருளுரையில், ஆராதனை வேளையில் நல்லோர் மனத்தில் எழும் தேவதூஷண எண்ணங்களைப் பற்றிப் பேசினார். அவற்றோடு மூர்க்கமாகப் போராடினால் அவை வலுக்கும். பொருட்படுத்தாமல் விட்டால் நாளடைவில் மெலியும். அதற்காக ஆராதனையை விட்டுவிடலாகாது என்பதே அவர் கருத்து. இன்றைய மருத்துவரும் இதற்கு மிகுதியாகக் கூறுவதில்லை.

5. மருத்துவர் கைக்கு மாறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் குருமார் கையிலிருந்து மருத்துவர் கைக்கு மாறியது. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட நூலில், பிறர் பொருளைத் தம்மை அறியாமல் எடுத்துவந்துவிடுவோமோ என அஞ்சிய ஒரு பெண்ணின் நிலையை விவரித்தார். தம் அச்சம் பொருளற்றது என அறிந்தும் அவரால் விட இயலவில்லை. பெர்லின் நகரக் கார்ல் வெஸ்ட்பால் 1877-இல், அறிவு குன்றாதிருக்கவே ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக எழும் எண்ணம் என இதனை வரையறுத்தார். சிக்மண்ட் ஃபிராய்டு 1907-இல் இந்நோயாளரின் சடங்கையும் சமயச் சடங்கையும் ஒப்பிட்டு, நோயைத் தனிமனிதனின் சமயமாகவும், சமயத்தை மனுக்குலத்தின் நோயாகவும் காணலாம் என்றார். இந்த ஒப்பீட்டினால் திருச்சபை சினங்கொண்டது, உளமருத்துவத்தையே ஐயுற்றது. அதனால் நம் மக்கள் பலர் உதவியின்றித் துன்புற்றனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஃபிராய்டின் வழியாலும் நோய் எளிதில் தீரவில்லை. எண்ணத்தின் வேரைத் தேடி ஆண்டுக்கணக்கில் ஆராய்வது, ஏற்கெனவே தன்னை ஆராய்ந்து களைத்தவருக்கு மேலும் ஓர் ஆராய்ச்சியாகவே அமைந்தது. கடுமையான நோயாளர் சிலருக்கு மூளை நரம்புகளைத் துண்டிக்கும் அறுவையும் செய்யப்பட்டது. 1960-களின் நடுப்பகுதிவரை, இது ஏறத்தாழத் தீராநோய் என்பதே பொதுக்கருத்து.

6. 1966: கதவை அடைத்தல்

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சாலமன் குழுவினர் 1950-களில் நாய்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். அடையாளம் தோன்றியதும் தடுப்பைத் தாண்டினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என நாய்கள் கற்றன. பின்னர் மின்சாரத்தை நிறுத்திவிட்டனர். ஆயினும் நாய்கள் தாண்டிக்கொண்டேயிருந்தன. தாண்டாமல் நின்று பார்த்தாலன்றோ ஆபத்து இல்லையென்று தெரியும்! தாண்டும் வழியை அடைத்தபோதுதான், அஞ்சி நடுங்கிய பின், அவற்றுள் சில அச்சம் நீங்கக் கற்றன.

இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் உளவியலாளர் விக்டர் மேயர் இதனைச் சிந்தித்தார். 1966-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரு நோயாளரின் வரலாறு உள்ளது. ஒருவர் ஓயாது கழுவும் பெண். மற்றவர் தேவதூஷணமான எண்ணங்களால் வாடியவர். இரண்டாமவர் நம் கவனத்துக்குரியவர். இந்த நவீன சிகிச்சையின் முதற்கட்டுரையிலேயே நம் சபை வாசலில் நிற்பவரின் உடன்பிறப்பு ஒருவர் இருக்கிறார். மேயர் அவர்களை மருத்துவமனையில் தங்கவைத்தார். செவிலியர் எந்நேரமும் உடனிருந்தனர். அவர்கள் அஞ்சியதை அணுகச் செய்தனர். அச்சத்தைத் தணிக்கும் செயலைச் செய்யாதபடி தடுத்தனர். கழுவும் பெண்ணின் அறையில் குழாய்த் தண்ணீரும் நிறுத்தப்பட்டது. அச்சம் உச்சத்துக்கு ஏறிப் பின்னர் தானாகவே இறங்கியது. 1974-இல் மேயர் குழுவினர் 15 பேரைப் பற்றி எழுதினர்: பத்துப் பேர் பெரிதும் குணமடைந்தனர் அல்லது நோய்க்குறி நீங்கினர், ஏனைய ஐவரும் ஓரளவு முன்னேறினர். தீராநோய் எனப்பட்டதற்கு இது பெருஞ்செய்தி.

இலண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் ராக்மன், ஹாட்ஜ்சன், மார்க்ஸ் ஆகியோர் 1970-களில் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். பிற்காலத்தில் நோயாளரைக் கட்டாயமாகத் தடுப்பது கைவிடப்பட்டது. எளிய அச்சத்திலிருந்து கடிய அச்சத்துக்குப் படிப்படியாக, அவருடைய சம்மதத்தோடே செல்வது வழக்கமாயிற்று. அச்சத்தை எதிர்கொள்ளுதல், கட்டாயச் செயலைத் தவிர்த்தல் என்னும் இரண்டுமே இச்சிகிச்சையின் இரு கால்கள்.

7. எண்ணமும் பாவமும்

1978-இல் ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயற்ற பொதுமக்களை வினவியபோது, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் தமக்கும் விரும்பத்தகாத எண்ணங்கள் திடீரெனத் தோன்றுவதாகக் கூறினர். நோயாளரின் எண்ணங்களும் ஏனையோரின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் பெரிதும் வேறுபடவில்லை. எனவே எண்ணம் வருவது நோயன்று. அதற்குக் கொடுக்கும் பொருளும் அதனை அழிக்கச் செய்யும் முயற்சியுமே நோயாகின்றன. பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985-இல் இக்கருத்தை விரித்து, தீங்கு நேர்ந்தால் தானே பொறுப்பு என்ற அளவுமீறிய உணர்வு இந்நோயின் நடுவில் இருப்பதைக் காட்டினார்.

இங்குதான் இறையியல் வினா எழுகிறது. இச்சையோடு பார்ப்பவன் இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று என்று ஆண்டவர் போதித்தாரன்றோ (மத். 5:28)? எண்ணமும் செயலும் ஒன்றே என்றல்லவா ஆகிறது? அன்று. மூலமொழி, இச்சிக்கும் நோக்கத்தோடு பார்ப்பவனைக் குறிக்கிறது. விருப்பத்தோடு வளர்க்கும் எண்ணமே அங்குக் கண்டிக்கப்படுகிறது. தான் வெறுக்கும் எண்ணம் தன்மேல் பாய்வதால் நடுங்குகிறவன் அவ்வசனத்துக்கு உரியவனல்லன். அவ்வாறே, மன்னிக்கப்படாத பாவம் பற்றிய எச்சரிக்கை, ஆவியானவரின் வெளிப்படையான செயலைக் கண்டும் அதனைப் பெயல்செபூலின் செயலென்று துணிந்து கூறியவர்களை நோக்கியது. அழுதுகொண்டு வருகிறவர்களை நோக்கியதன்று. இவற்றை நாம் அருளுரைகளில் தெளிவுறப் போதிக்க வேண்டும். ஆயினும் ஏற்கெனவே நோயுற்றவருக்கு இவ்விளக்கம் ஒருமுறை போதும். ஐம்பதாம் முறை அது விளக்கமன்று, சோப்பு.

மருந்தும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும். குளோமிப்ரமின் என்னும் மருந்து இந்நோய்க்கு உதவுவதை ஐரோப்பிய மருத்துவர் 1960-களின் இறுதியில் கண்டனர். அமெரிக்க அரசு 1989-இல் அதனை ஏற்றது. அதன்பின் வேறு மருந்துகளும் வந்தன. எட்னா ஃபோவாவும் அவர் துணைவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 122 பேர் பங்குபெற்றனர். எதிர்கொள்ளும் சிகிச்சை பெற்றோரில் 62 விழுக்காட்டினரும், குளோமிப்ரமின் பெற்றோரில் 42 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றோரில் 70 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றோரில் 8 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். அனைவரும் குணமடையவில்லை என்பதையும், பெரும்பாலோர்க்கு நம்பிக்கை உண்டு என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே கூறுகின்றன. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நம்மவர் அறிந்ததே.

8. மேய்ப்பருக்குச் சில பாடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, நோயை இனங்காண வேண்டும். மனந்திரும்புதலுக்கு நடத்தும் குற்றவுணர்வு ஒரு பாவத்தைச் சுட்டும். மன்னிப்பைப் பெற்றதும் ஓயும். மனிதரை அயலாரிடம் ஒப்புரவாக அனுப்பும். நோயின் குற்றவுணர்வு மன்னிப்பைப் பெற்றதும் வேறொன்றைத் தேடும். மனிதரைத் தம்முள்ளேயே சுழலச் செய்யும்.

இரண்டாவது, பாவ மன்னிப்பை ஒருமுறை தெளிவாகக் கூறுவோம். அதே பாவத்துக்கு மறுமுறை கூற அன்போடு மறுப்போம். முதல் அறிவிப்பு தேவனுடைய வார்த்தையாயின் அது தேய்ந்துபோவதில்லை. மீண்டும் மீண்டும் கூறுவது, முன்னர் கூறியது போதவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாகும். "உமக்கு இது வேதனை என்று அறிவேன், ஆனால் இதற்கு நான் இன்று பதில் கூறமாட்டேன். வாரும், சற்று நடந்துவருவோம்" என்று கூறக் கற்க வேண்டும். மறுப்பது பதிலைத்தான், மனிதரையன்று. இவ்வழக்கத்தை நோயாளரிடமும் மருத்துவரிடமும் முன்னரே பேசி உடன்பட்டுத் தொடங்குவதே நன்று. வீட்டாருக்கும் இதனைக் கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது, தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பிசாசின் பிடி என்று கூறி உபவாச ஜெபங்களில் நிறுத்துவது, பனியனுக்கு அம்முதியவர் கூறிய பதிலையே வேறு சொற்களில் கூறுவதாகும். உயிரைவிட எண்ணுவதாக ஒருவர் கூறினால் அன்றே, உடன்சென்று, சிகிச்சைக்குச் சேர்ப்பது நம் கடமை. மன்ரேசாவின் குழியை மறவாதிருப்போம்.

நான்காவது, சிகிச்சை பாவம் செய்யத் தூண்டுகிறது என்ற அச்சம் சிலருக்கு உண்டு. நல்ல மருத்துவர் ஒருவரையும் தேவனைத் தூஷிக்கும்படி கேட்பதில்லை. எண்ணம் வந்தபோது அறிக்கையிடாமல் இருத்தல், சரியாக ஜெபித்தோமோ என்று திரும்ப ஜெபியாதிருத்தல், ஐயத்தோடே திருவிருந்தில் பங்குபெறுதல் ஆகியவையே பயிற்சிகள். எது சபையின் இயல்பான பக்தி, எது நோயின் மிகை என மருத்துவர் அறிய ஆயரின் துணை வேண்டும். இங்குதான் நமக்கு மெய்யான பணி உண்டு.

முடிவுரை

சீர்திருத்தச் சபைகளில் நாம் இரட்சிப்பின் நிச்சயத்தைப் போதிக்கிறோம், போதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்நிச்சயம் உள்ளத்தைத் துருவிப் பார்த்து அடையும் உணர்ச்சி என்று கருதினால், இந்நோயாளருக்குச் சுவிசேஷத்தையே நியாயப்பிரமாணமாக்கிவிடுவோம். நம் இருதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் இருதயத்திலும் பெரியவர் என யோவான் எழுதுகிறார் (1 யோவான் 3:20). இருதயம் குற்றப்படுத்துவதை நிறுத்திவிடும் என்று அவர் வாக்களிக்கவில்லை. குற்றப்படுத்தும் இருதயத்தோடும் ஒருவர் தேவனுக்குப் பிள்ளையாயிருக்கலாம் என்பதே அங்குள்ள ஆறுதல். ஸ்டௌபிட்ஸ் சுட்டிக்காட்டியதும், பனியன் வயல்வழியில் கண்டதும் இதுவே.

நம்மிடம் வந்த இளைஞர் ஏறத்தாழ ஓராண்டு சிகிச்சை பெற்றார். அக்காலத்தில் ஒரு நாள் மாலை அவர் நம் வாசலில் வந்து நின்றார். கேட்க வாயெடுத்து, கேளாமல் நிறுத்தி, "ஐயா, இன்றைக்குக் கேட்கப்போவதில்லை" என்றார். கைகள் நடுங்கின. நாமும் ஜெபிப்பதாகக் கூறவில்லை. அது நமக்கும் எளிதாயிருக்கவில்லை. இருவரும் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். அன்று நாம் அவருக்குச் செய்த ஊழியம், அதுவரை செய்த அனைத்திலும் மெய்யானது என்று இன்றும் எண்ணுகிறோம்.